சர்பத்துப் பாட்டுக்காரி

ஓர்செத்தா வாயைத் திறந்தால் போதும், நாடகக் கொட்டகை மொத்தமும் எழுந்து சர்பத்து வாங்கப் போய்விடும். கதாநாயகி இளைப்பாறும் நேரத்தை நிரப்பத்தான் அவளுக்கு அந்த ஒற்றைப் பாட்டு. அதற்குப் பெயரே சர்பத்துப் பாட்டு. வெனிஸ்காரர்கள் நாங்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. பனியில் உறைய வைத்த சர்பத்து உருகிவிடும், பாட்டு உருகாது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு முறை ஊர் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று ஏங்கினாள் பாவம்.

"உசரமா நின்னா பாக்காம எப்படிப் போவாங்க?" என்று, பாட்டி காலத்துச் சீமாட்டிகள் போட்ட சோப்பீன் ஒரு ஜோடி இரவல் வாங்கி வந்தாள். ஒரு முழ உயரத் தக்கை மிதியடி.

பதுவாவில் வைத்தியம் படிக்கும் தம்பி அல்வீசே அதன் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான்.

"அக்கா, தக்கை பூரா குட்டிக் குட்டி அறையா இருக்கு! எல்லாம் காலி!"

"நான் பாடறப்போ நம்ம கொட்டகை மாடமெல்லாம் காலியா இருக்குமே, அப்படியா?"

ஏறி நின்றாள், தள்ளாடினாள். வாரை இறுக்கிக் கட்டினாள், நகரவே முடியவில்லை. கடைசியில், மேடையில் பின்னாலிருக்கும் அட்டை மேகத்துக்குள் தம்பி ஒளிந்துகொண்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

"மானம் போகுதுக்கா. யாராவது பாத்துட்டா?"

"என்னையே யாரும் பாக்கறதில்ல. உன்னை யாருடா பாக்கப்போறா?"

அன்று வெதுவெதுப்பான கடல்காற்று வீசியது. மெழுகுவர்த்திச் சுடர்கள் தூக்கக் கலக்கத்தில் சாய்ந்து சாய்ந்து எரிந்தன. ஓர்செத்தா கண்ணை மூடிப் பாடத் தொடங்கினாள். பெஞ்சு இழுபடும் சத்தம் வரவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

ஒருவரும் நகரவில்லை! சீமாட்டிகள் காலைப் பெஞ்சின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். தான் தரையில் இல்லை, எங்கோ மிதக்கிறோம் என்றிருந்தது அவளுக்கு. நடுவில் மேகம் தும்மியது. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

"எல்லாரும் இருக்காங்கடா!" என்று மூச்சு வாங்கும் இடத்தில் முணுமுணுத்தாள்.

"அழாதக்கா, ஆட்டம் குடுக்குது!" என்றது மேகம்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது வாயிற்காவலர் மோமொலோ, முழங்கால்வரை நனைந்தபடி மேடையேறினார்.

"அம்மா, கடல் உள்ள ஏறி சர்பத்துக் கடையே மிதக்குது. சீமாட்டிங்க அத்தனை பேரும் அப்பலேருந்து உங்க மிதியடியத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க, சீக்கிரம் கழட்டிக் குடுங்க, அதைப் போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தரா தண்ணியத் தாண்டிப் படகேறட்டும்!"