மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும்

காலை ஆறு பத்து. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பதினேழாம் மாடியின் படிக்கட்டுக் கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது ஓர் இரும்புக் குழாய். அதன் மற்ற முனை ஒரு பழைய ஹொக்கி மட்டையில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. மட்டைக்குப் பின்னால், மூச்சு வாங்கியபடி, பரல் அண்ணை.

"மூண்டாம் நம்பர். பதினொராம் மாடியிலைதான் களைச்சது," என்றார். "நாளைக்கு ஐஞ்சாம் நம்பர்."

அந்த நாட்களில் ரொறன்ரோவில் வாழ்ந்த தமிழர் எல்லோரிலும் ஒரு முடிவுக்கு வர அதிக நேரம் எடுத்தவர் பரல் அண்ணைதான். எந்தக் கோர்ட்டிலும் இதற்குச் சாட்சி சொல்வேன். பனிச் சப்பாத்து வாங்கப் போனவர் இரண்டு கம்பனிகளில் எது நல்லது என்று தெரியாமல் இரண்டிலும் ஒவ்வொரு சோடி வாங்கினார். இடது காலில் ஒன்று, வலது காலில் மற்றது. அப்படியே ஒரு பனிக்காலம் முழுவதும் நடந்து, ஏப்ரலில் சொன்னார்: "இன்னும் ஒரு வின்ரர் பாக்கோணும்."

ஊரில் அவர் நில அளவையாளர். இங்கே ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் மிசின் ஓட்டினார். நானும் தேவனும் அவரும் ஒரே அப்பார்ட்மென்ற். நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெப்ரவரியில் அவருடைய போர்மன் ஒரு காரியம் செய்தார். ஒக்ரோபரில் வடக்கே மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகும் தன் குழுவில் ஓர் இடம் காலியென்றும் வரலாமென்றும் அண்ணையிடம் சொன்னார். தன் பழைய துவக்கொன்றையும் கொடுக்கச் சம்மதித்தார். அதன் குழாய், அதாவது பரல், தேய்ந்துபோயிருந்தது. புதிது போட வேண்டும். எந்தத் தடிப்பில் என்பதை அண்ணையே தீர்மானிக்கலாம். இந்தக் கடைசி வசனத்தைப் போர்மன் சொல்லியிருக்கவே கூடாது.

அண்ணை துவக்குக்கும் வேட்டைக்குமான அனுமதிப் பரீட்சைகளை ஒரே தடவையில் பாஸ் பண்ணினார். பரலில் மாட்டிக்கொண்டார்; பட்டப்பெயரும் அதிலேயே வந்தது. மெல்லிய மூன்றாம் நம்பர் தூக்க இலகு. ஆனால் இரண்டு வெடியில் சூடாகும், மூன்றாவது குண்டு விலகும். தடித்த ஐந்தாம் நம்பர் நானூறு கஜத்துக்கு அப்பாலும் அசையாமல் நிற்கும். ஆனால் ஓர் இறாத்தல் கூடப் பாரம். காடு முழுக்கச் சுமக்க வேண்டும்.

ஆகவே இரண்டு குழாய்களை வெட்டி, மண் நிரப்பி, அந்தந்த நம்பரின் பாரத்துக்குக் கொண்டுவந்தார். நிறுத்துப் பார்க்க எங்களிடம் தராசு இல்லை. தமிழ்க் கடையின் மீன் தராசில் கொண்டுபோய் வைத்தார். கடைக்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்டார்: "வெட்டித் தரவோ அண்ணை, முழுசாக் கொண்டு போறியளோ?"

மே மாதம் படிக்கட்டு போதாதென்று தெருவில் இறங்கினார். துவாயால் சுற்றிய நீளமான ஏதோவொன்றைத் தோளில் வைத்தபடி ஒருவர் கட்டடத்தை ஆறு தடவை சுற்றினால் என்ன நடக்கும்? இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கீழே கூப்பிட்டார்கள்.

"தம்பி, உது துவக்கில்லையெண்டு சொல்லு. துவக்கின்ரை பரல் எவ்வளவு பாரமா இருக்கோணும் எண்டு பாக்கிற பைப் எண்டு சொல்லு."

சொன்னேன். பத்திரிகை வேலையில் இதைவிடக் கடினமான வசனத்தை நான் மொழிபெயர்த்ததில்லை. மூத்த பொலிஸ்காரர் குழாயை வாங்கித் தோளில் வைத்தார். தெருமுனை வரை நடந்து திரும்பி வந்து, தடிப்பானதுதான் சரி என்றார். அவரும் வேட்டைக்காரராம். இளையவரும் வேட்டைக்காரராம். மெல்லியதுதான் சரியென்றார். கார்க் கதவைச் சாத்திய பிறகும் இருவரும் வாதாடியபடி போனார்கள்.

"பாத்தியோ?" என்றார் அண்ணை. "அரசாங்கத்துக்கே ஒரு முடிவில்லை."

ஜூலைக் கடைசியில் போர்மன் பொறுமை இழந்தார். துவக்கு வேலை செய்பவருக்கு இரண்டு மாதம் தேவை. வெள்ளிக்கிழமைக்குள் நம்பர் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவரின் மச்சானுக்கு.

வியாழன் பின்னேரம் அண்ணை இரண்டு குழாய்களுக்கும் நடுவில் நிலத்தில் இருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"விட்டிட்டு வேறை வேலையைப் பாருங்கோ அண்ணை," என்றேன். "மூஸ் இறைச்சி நீங்கள் தின்னவும் மாட்டியள்."

"இறைச்சிக்கே போறன்? ஐஞ்சு வருசமா அதே மிசினிலை நிக்கிறன். காலமை 'மோர்ணிங்', பின்னேரம் 'பாய்'. அவங்களோடை நான் கதைச்சது இந்த ரெண்டு சொல்லுத்தான். ஐஞ்சு நாள் ஒரே கூடாரத்துக்கை கிடந்தால் மூண்டாவது சொல்லு ஒண்டு வராதே?"

நான் ஆறிய சோற்றைச் சூடாக்க எழுந்தேன். தேவன் விடவில்லை.

"அண்ணை, ஒரு மூஸுக்கு எத்தினை வெடி வைப்பியள்?"

"ஒண்டு. மிஞ்சினால் ரெண்டு."

"மெல்லிசு மூண்டாவது வெடிக்குத்தானே பிழைக்கும்?"

அண்ணை மெல்லிய குழாயைக் கையில் எடுத்தார். "உதை நீ ஏன் பெப்ரவரியிலை சொல்லேல்லை?"

"நீங்கள் என்னட்டை எங்கை கேட்டனீங்கள்? மீன்கடைக்காரனைக் கேட்டியள், பொலிசைக் கேட்டியள்."

மறுநாள் காலை போனில் போர்மனுக்கு அண்ணை சொன்ன நம்பர் நான்கு. அவர் தூக்கியே பார்க்காத நம்பர்.

"மூண்டு எண்டால் ஐஞ்சை நினைப்பன். ஐஞ்செண்டால் மூண்டை நினைப்பன்," என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். "நாலெண்டால் ரெண்டு பக்கமும் ஒரே அளவு கவலை."

ஒக்ரோபரில் போனார்கள். இரண்டாம் நாளே போர்மனின் முழங்கால் பிரண்டுவிட்டது. ஐந்தாறு மாதம் பதினேழு மாடி ஏறியவர் அந்தக் குழுவில் ஒருவர்தான் இருந்தார். மீதி நாட்களில் தன் துவக்கோடு போர்மனின் பையையும் போர்மனின் தடித்த பரல் போட்ட துவக்கையும் அண்ணையே சுமந்தார். மூஸ் எதுவும் கண்ணில் படவில்லை. ஒருவரும் ஒரு வெடிகூட வைக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் சேறும் தாடியுமாக வந்து நின்றவரிடம் தேவன் கேட்டான்: "எப்பிடி அண்ணை, எது நல்லது?"

"ரெண்டும் பாரம்தான்ரா," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு ஓர் அலுவலாக அவருடைய தொழிற்சாலைக்குப் போன் எடுத்தேன். எடுத்தவர், அண்ணை சாப்பாட்டு அறையில் மற்றவர்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறார், ஒரு மணிக்குப் பிறகு எடுங்கள் என்றார்.