வேலிப் பக்கத்துப் பாயின்ட்

பாகூர் கொம்யூனின் கிராமங்களில் சாட்சி இல்லாமல் எதுவுமே நடந்தது கிடையாது என்று நம்பிய ஒரே மனிதர் சாட்சியார். சூரியன் உதித்ததைக்கூட இரண்டு பேர் பார்த்துச் சொன்னால்தான் பொழுது விடிந்ததாக ஒப்புக்கொள்வார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் வெளியே எடுத்துப் புழங்கியதில்லை.

பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்பதைப் பின்னால் வண்டியில் காத்திருப்பவரை இறங்கி வந்து பார்க்கச் சொல்வார். பஸ்ஸில் டிக்கெட் எடுத்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம், "நான் டிக்கெட் எடுத்தத நீ பாத்த இல்ல?" என்று உறுதிப்படுத்திக்கொள்வார். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புவார். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் மனைவியிடம் சொல்லமாட்டார். தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு ஒரு வாய் ருசி பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகுதான் குறை சொல்வார். அந்த அத்தை எப்படி இத்தனை வருடம் குடும்பம் நடத்தினார் என்பதற்கு மட்டும் ஊரே சாட்சி.

இதற்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. அபிஷேகப்பாக்கத்தில் அவருடைய அப்பா விட்டுப்போன மனையை அவரும் தம்பியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு எல்லைக்கல் நட்டார்கள். ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தபோது கல் ஒரு அடி தன் பக்கம் நகர்ந்திருப்பதாக இவர் சொன்னார். கல் நட்ட இடத்திலேயேதான் இருக்கிறது, அண்ணன் கண்தான் நகர்ந்துவிட்டது என்று தம்பி சொன்னார். யாராவது பார்த்தார்களா என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. அன்றோடு தம்பியுடன் பேச்சு நின்றது, நடுவில் வேலி எழுந்தது. சாட்சி தேடுவது ஆரம்பித்தது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கிருமாம்பாக்கத்தில் கேமரா பொருத்தும் ஒரு கடையில் வேலை. பூச்சு வேலைக்கு முன்பே கேமரா வயர் ஓடும் பைப்பைச் சுவருக்குள் புதைத்துவிடுங்கள் என்று வீடு கட்டுபவர்களிடம் கெஞ்சுவது என் பொறுப்பு. நம் மக்கள் டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து, புதுமனை புகுந்து, முதல் சிலிண்டர் திருடு போன பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அப்புறம் வெள்ளைச் சுவரில் கறுப்பு வயர் ஓடுகிறதே என்று எங்களையே திட்டுவார்கள். சாட்சியார் அப்படியில்லை. தம்பி வீட்டை ஒட்டிய தன் பாதி மனையில் அஸ்திவாரக் குழி தோண்டிய அன்றே கூப்பிட்டுவிட்டார். குழி தோண்டியதற்கும் சாட்சி வேண்டுமே.

நான் யோசித்து நான்கு இடங்களைக் குறித்தேன். கேட், போர்ட்டிகோ, பின்வாசல், மாடிப்படி. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது? வேலிக்கு எங்க?"

"வேலிப் பக்கம் ஜன்னல்கூட இல்லையே மாமா. அங்க இன்னா பாக்கப் போறீங்க?"

"அவன."

நான்கையும் வேலிப் பக்கமே வைத்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. தம்பி திரும்பவும் கல்லை நகர்த்துவார், அப்போது கையும் களவுமாகப் பிடித்து ஸ்டேஷனில் படத்தைக் கொடுத்து, ஊர் முன்னால் தன் சொல்லை நிரூபிக்க வேண்டும். இந்த வீட்டையே அதற்காகத்தான் கட்டுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தங்குவதற்கு இரண்டு அறைகளும் இருப்பது கூடுதல் வசதி.

"திருடன் கேட்டு வழியா வந்து எல்லாத்தயும் வாரிகினு போனா பரவால்ல. தம்பி வந்தா மட்டும் புடிக்கணும். அதான உன் கணக்கு?" என்று அத்தை கேட்டார். கடைசியில் என் நான்கும் இருக்கட்டும், வேலிக்கு ஐந்தாவதாக ஒன்று என்று முடிவானது.

சுவருக்குள் எந்தப் பைப் எங்கே வளைகிறது என்று பூச்சுக்கு முன்னால் போட்டோ எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது உதவும். வெறும் சுவரைப் படம் எடுத்தால் யார் நம்புவார்கள் என்று சாட்சியார் ஒவ்வொரு படத்திலும் மேஸ்திரியை நிற்கவைத்தார். இன்றும் என் போனில் இருக்கிற அந்தப் படங்களில், ஒவ்வொரு வளைவுக்குப் பக்கத்திலும் மேஸ்திரி, பந்தியில் இலை கிடைக்காதவர் முகத்தோடு நிற்கிறார்.

பூச்சு முடிந்தது. புதுப் பூச்சுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டு நனைக்காவிட்டால் வெடித்துவிடும். காலையில் மேஸ்திரியின் ஆட்கள் விட்டார்கள். மாலையில் யார் விடுவது என்பதை யாரும் யோசிக்கவில்லை. வேலை முடிந்து எல்லாரும் போய்விடுவார்கள். சாட்சியாரும் மெயின் ரோட்டில் வாடகைக்கு இருந்தார். மத்தியானத்துக்கு மேல் சோரியாங்குப்பத்துக் கரும்புக் கொல்லையைப் பார்க்கப் போய்விடுவார். ஆனால் மறுநாள் காலையில் வந்து தொட்டால் சுவர் ஜில்லென்று இருக்கும். "சிமென்ட்டு குவாலிட்டிமா அது" என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். தானாகத் தண்ணீர் சுரக்கும் சிமென்ட்டை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் வாதாடுவது என் வேலையில் இல்லை என்பதால் வயர் இழுக்கப் போனேன்.

ஒரு நாள் காலை போன் வந்தது. வேலிப் பக்கச் சுவருக்குக் கீழே ஈர மண்ணில் காலடித் தடமாம். போய்ப் பார்த்தால், தடத்தின் மேல் சிமென்ட் அள்ளும் பாண்டுச் சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் காவல் இருந்தார். பாண்டைத் தூக்கிக் காட்டினார்.

"பாரு. வலது காலு வெளிய திரும்பிகினு இருக்கா? அவன் காலுதான். சின்ன வயசுல சைக்கிள்ல டபுள்ஸ் வெச்சிகினு போனேன், வாய்க்கால்ல வுழுந்தோம். அதுல வளைஞ்ச காலு."

எதிரியின் கால் எப்படி வளைந்தது என்பது வரை தெரிந்த மனிதர். அன்றே வேலிப் பக்கக் கேமரா பாயின்ட்டை மட்டும் உயிர்ப்பிக்கச் சொன்னார். கடையின் டெமோ கேமராவை மாட்டி, ரெக்கார்டரை சிமென்ட் ஷெட்டுக்குள் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் சாட்சியார் ஸ்டேஷனுக்குப் போகத் தயாராக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அத்தையையும் கூட்டி வந்திருந்தார். கையடக்கத் திரையில் படத்தை ஓட்டினேன்.

வெயில் தாழ்ந்த நேரம். வேலியை விலக்கிக்கொண்டு தம்பி வருகிறார். பின்னால் ஒரு பச்சை ஹோஸ் நெளிந்து வருகிறது. எல்லைக்கல்லை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி வந்து, தன் வீட்டு மோட்டார் தண்ணீரை அண்ணன் சுவரின் மேலிருந்து கீழாக நிதானமாக அடிக்கிறார். சுவரில் போர்த்தியிருந்த ஈரச் சாக்கு காற்றில் விலகியதைச் சரிசெய்கிறார். இரண்டடி பின்னால் போய், சுவரை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு ஹோஸைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

சாட்சியார் மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு முறையும் போட்டேன்.

"இத வேற யாரு பாத்தது?"

"நாம மூணு பேருதான் மாமா."

"போதும்."

திரையைப் பிடுங்கிக்கொண்டு தெருவழியாகத் தம்பி வீட்டை நோக்கி நடந்தார். அது கடைச் சொத்து என்பதால் நானும் பின்னால் ஓடினேன். தம்பி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். இவர் திரையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது நீதான?"

தம்பி குனிந்து பார்த்தார். "நான்தான்."

"எவன கேட்டு என் செவுத்துக்கு தண்ணி வுட்ட?"

"சாயங்காலமான்னா காஞ்சி கெடக்குது. வெடிச்சி போவும். பாத்துகினு சும்மா இருக்க சொல்றியா?"

"என் செவுரு. வெடிச்சா வெடிக்கட்டும். உனக்கு இன்னாடா?"

"நைனா மனையில கட்ற வூடுண்ணா அது."

சாட்சியார் திரையை மறுபடி பார்த்தார். "வுட்டதுதான் வுட்ட, மேல் மூலைக்கு சரியா வுட்டியா? பாரு, அங்க காயுது" என்றார்.

ஹோஸில் வேகம் போதவில்லை என்று தம்பி விளக்கினார். அடைப்பு இருக்கும், வாயைக் கழற்றிப் பார்த்தாயா என்று அண்ணன் அதட்டினார். அங்கிருந்து பேச்சு மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து மணலுக்கும், மணலிலிருந்து கலவைக்கும் போயிற்று. மேஸ்திரி சிமென்ட்டைக் குறைத்துவிட்டார் என்பதில் இருவரும் ஒன்றுசேர்ந்தார்கள். பாவம், அத்தனை படத்துக்கும் கைகட்டி நின்ற மனிதர்.

தெருவிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "டீ போடவா, இல்ல ஸ்டேஷனுக்கு கெளம்புறியா?"

கல் அங்கேயேதான் இருக்கிறது. அந்த ஒரு அடியை இருவரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. புதுமனை புகுவிழாவில் மாட்டைப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே வந்தவர் தம்பி. மாடும் அவருடையதுதான்.

கேமராக்களைப் பொருத்தப் போன அன்று சாட்சியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேலிப் பக்கம் வாணாம்மா. கேமராவ பாத்தா கூச்சப்படுவான். அப்பறம் அந்த வழியா வரமாட்டான்." பைப்பும் உள்ளே, வயரும் உள்ளே, வயர் வெளிவரும் பெட்டிக்கு மூடி போட்டேன். தொழில் கணக்கில் முழு வீண்.

மீதி நான்கும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனாலும் மாதம் ஒரு தடவை போன் வந்துவிடும்: "படம் மங்கலா தெரியுதுமா, தம்பியும் பாத்துட்டான், வந்துட்டு போ." அது கண்ணாடி மாதிரித் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதற்கும் ஒரு சாட்சி வேண்டுமே என்று ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.