என் காலடி மண்

ராஜபாளையம்,
6.10.1992

மதிப்பிற்குரிய மச்சான் தவசிமுத்து அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் இருளப்பசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் வேலுத்தாய் அக்காவும் பிள்ளைகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதோ சுமாராக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தோட்டத்தில் தென்னை ஓரளவு காய்த்திருக்கும். பிள்ளைகள் பாஸ் மார்க்குக்குக் குறையாமல் வாங்கியிருப்பார்கள். இதற்கு மேல் நல்லதாக ஒரு வார்த்தை எழுத எனக்குத் தைரியம் இல்லை. மரியாதைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் சுமாருக்குப் பின்னால் எவ்வளவு பாசம் இருக்கிறது என்பது கடிதம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

உங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோவில் பெருமாளுக்குப் புரட்டாசி சனிக்கிழமை விரதம் என்று சொல்லித்தான் தங்கள் தங்கை சண்முகத்தாய் அங்கே வந்திருப்பாள். விரதம் உண்மைதான். ஆனால் மலையேறிப் பெருமாளைச் சேவிக்க வருகிறவள் பிரஷர் குக்கரை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள், மச்சான். தப்பு முழுக்க என் பேரில். குக்கரை எடுத்தவள் அவசரத்தில் அதன் வெயிட்டை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டாள். அதை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய் வருகிறேன். அதைக் கேட்டாவது வரமாட்டாளா என்று இருக்கிறது. அவள் திரும்பி வர நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதற்குக் கோபம் என்று தெரியாமல் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள், ஆகவே வெட்கத்தைத் தூரப் போட்டுவிட்டு எழுதுகிறேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

எல்லாம் எங்கள் மில் சின்ன முதலாளி அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டு ஒரு காலண்டரோடு வந்ததில் ஆரம்பித்தது. அந்த ஊர்க்காரர்கள் வருஷத்தில் ஒரு நாளைக்கூடச் சும்மா விடுவதில்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டாரைப் பாராட்ட ஒரு நாள், நாயைப் பாராட்ட ஒரு நாள், மீசைக்கு ஒரு நாள், தலையணைக்குக்கூட ஒரு நாள் போட்டிருந்தது. நம் ஊரில் யாரும் யாரையும் வாய்விட்டுப் பாராட்டுவதில்லை, அதனால்தான் ஆலையில் உற்சாகம் குறைவு என்று அவர் முடிவு செய்து, டைம் ஆபீஸ் கிளார்க்கான என்னைக் கூப்பிட்டு, தினமும் அன்றைய நாளைத் தமிழில் கேட் போர்டில் எழுதச் சொன்னார். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். எழுதினால் மட்டும் போதாது, நானே முன்மாதிரியாக நடந்து காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

முதலில் பக்கத்து வீட்டாரைப் பாராட்டும் நாள் வந்தது. விடிந்ததும் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் பால் கறந்துகொண்டிருந்தாள். அவளைப் பாராட்டினால் தெரு என்ன பேசும் என்று பயந்து மாட்டைப் பாராட்டினேன். “எம்புட்டு அழகான மடி, எம்புட்டுப் பாலு” என்று மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அமெரிக்கச் சிரிப்போடு சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. சாயங்காலம் மாடு செம்பை உதைத்துத் தள்ளி, ஒரு சொட்டுக்கூட விடவில்லை. அடுத்த நாள் காலையில் நான் செருப்பு மாட்டுவதற்குள் கருத்தம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்று, என் கால் பதிந்த இடத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போய், உப்பும் மிளகாய் வற்றலும் சேர்த்து மாட்டைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உங்கள் வீட்டு வாசலில் படிகாரக் கட்டி தொங்குவதைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் விஞ்ஞானம் பேசினவன்தானே நான். அன்றைக்கு நீங்கள் பதிலுக்கு எனக்கு இன்னொரு வடை வைத்தீர்கள். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு மீசை நாள். மில் வாட்ச்மேன் சின்னக்கருப்பனின் மீசையைத் தொழிலாளர் முன்னால் பாராட்டினேன். பூரித்துப் போய் ஒரு பீடியைப் பற்ற வைத்தவர், முறுக்கிய மீசையின் இடது பக்கத்தையும் சேர்த்துப் பற்ற வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்க முடியுமா, முழுக்க எடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் அதட்டினால் யாரும் நிற்பதில்லை. அடுத்து நாய்களைப் பாராட்டும் நாளில், எதிர் வீட்டுத் தங்கச்சாமி வளர்க்கும் வெள்ளை நாயைப் பாராட்டித் தடவிக் கொடுத்தேன். நம் ஊர் நாயின் குணம் உங்களுக்குத் தெரியும், வீட்டு ஆளைத் தவிர ஒருவரையும் அண்டவிடாது. அன்றிலிருந்து அது பால்காரர், தபால்காரர், பழைய பேப்பர்காரர் எல்லாருக்கும் வாலை ஆட்டுகிறது. “கடிக்கிற நாயக் கெடுத்துப்புட்டீகளே சார், இனி இத வச்சு நான் என்ன செய்ய” என்று தங்கச்சாமி என்னிடம் கேட்டார். அவரும் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டார்.

இதோடாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் போர்டில் இயந்திரங்களைப் பாராட்டும் நாள் வந்துவிட்டதே. புதிதாக வந்த ரிங் ஃபிரேம் என்ற நூல் நூற்கும் மெஷினின் முன்னால் போய் நின்றேன். அதைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பதற்றத்தில் “வத்து சார், வத்து சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று அர்த்தம். நான் கேட்கவில்லை, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மதியம் மெஷின் நின்றது, அந்த ஷிஃப்ட் முழுக்க ஓடவில்லை. மில்லுக்குள் சிமெண்டுத் தரை, காலடி மண்ணுக்கு எங்கே போவார்கள், டைம் ஆபீஸில் என் நாற்காலிக்கு அடியில் பெருக்கி அள்ளிக்கொண்டு போனார்கள். அமெரிக்கா போய் வந்த சின்ன முதலாளியே மறுநாள் என்னோடு பேசும்போது சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஊருக்குள் என் மரியாதை போன போக்கை எப்படி எழுதுவேன். நான் கடைத்தெருவில் இறங்கினால் காய்கறிக் கூடை மேல் சாக்கு விழுகிறது. கைக்குழந்தைக்காரிகள் முந்தானையால் பிள்ளை முகத்தை மூடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒருவர், “நீங்க நேர்ல வந்து சிரமப்படணும்னு இல்ல, மனசால வாழ்த்துனாப் போதும்” என்று சொல்லிவிட்டு, அதையும் அடக்கமாக வாழ்த்தும்படி கேட்டுக்கொண்டார். தெருக்கோடியில் புதிதாக வீடு கட்டுகிறவர் திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்றை எங்கள் வீட்டைப் பார்த்த மாதிரி கட்டியிருக்கிறார். அதற்கு மீசை வரைந்தது வழக்கம்தான். மூக்குக்கண்ணாடி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

யார் வீட்டில் தலைவலி என்றாலும், பால் திரிந்தாலும், பம்பு செட் ஓடவில்லை என்றாலும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பிடி என்று எடுத்து எடுத்து வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி விழுந்துவிட்டது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது. குறுக்கே ஒரு பலகையைப் போட்டுத்தான் சைக்கிளை வெளியே இறக்குகிறேன். சண்முகத்தாய் முதலில் சண்டை போட்டாள். பிறகு அவளே சிரட்டையில் மண்ணை அள்ளிக் கொடுத்து, வந்தவர்களுக்கு மோரும் கொடுத்து அனுப்பினாள். என்னிடம் ஒரு நாளும் ஏன் இப்படி என்று கேட்டதில்லை. “அவிய சும்மாவே பேசத் தெரியாத மனுசன், இப்பத்தான் ரெண்டு நல்ல வார்த்த பேசப் பழகுதாக. அதுக்குள்ள ஊரே கூடிருச்சு” என்று கருத்தம்மாளிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலண்டரில் அது மனைவியைப் பாராட்டும் நாள். சனிக்கிழமையே போர்டில் எழுதிவிட்டு வந்தேன், மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் அதைப் படித்துவிட்டு வந்து இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. ஞாயிறு காலையில் தலைக்குக் குளித்து, ஆண்டாள் தேருக்கு வந்தபோது நீங்கள் எடுத்துக் கொடுத்த நீலப் புடவையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து இலை போட்டு எதிரே உட்கார்ந்தாள். “இன்னைக்குப் போர்டுல என்ன எழுதிருக்கீக?” என்று மட்டும் கேட்டாள்.

மச்சான், வாய் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்துக் கருத்தம்மாள் மாடு, சின்னக்கருப்பன் மீசை, தங்கச்சாமி நாய், ரிங் ஃபிரேம் எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. நான் பாராட்டி எது உருப்பட்டது? எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. அவள் மேலும் என் கண் விழுந்துவிட்டால் நான் எங்கே போவேன்? விஞ்ஞானம் பேசினவனே பயந்துபோனேன். அவளைப் பார்க்காமல் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு, “ஞாயித்துக்கெழம போர்டு லீவு. கொழம்புல உப்பு தூக்கல்” என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் குழம்புச் சட்டியை மூடினாள். பிறகு, “கருத்தம்மா மாட்டு மடிக்கு இருந்த வாயி, எனக்கு மட்டும் இல்லாமப் போச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்து, குக்கரைக் கழுவிப் பையில் வைத்தாள். பயத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் பின்னாலேயே போனேன், அப்போதும் வாய் வரவில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஆகவே நீங்கள் எனக்காக ஓர் உதவி செய்ய வேண்டும். அவளைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, வேலுத்தாய் அக்காவை உப்பு மிளகாய் சுற்றிப் போடச் சொல்லிவிட்டு, இனி வருவதை மட்டும் படித்துக் காட்டுங்கள். சண்முகத்தாயி, வாசலில் குழி பெரிதாக ஆக, கோலத்தை நீ நிறுத்தவில்லை. தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் குழியைச் சுற்றியே தாமரைக் கோலம் போட்டாய். குழியில் தண்ணீர் நின்ற நாளில் அது ஏதோ கோவில் குளம் மாதிரி இருந்தது. புருஷனால் வந்த அவமானத்தைச் சுற்றிக் கோலம் போட்டவள் இந்த ஊரில் நீ ஒருத்திதான். நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். ஒரு நாளும் சொல்லவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

இவ்வளவுதான், மச்சான். மறுபடி ஒரு தடவை சுற்றிப் போட்டுவிடவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, அதைத் தூரத்தில் இருந்தே வைத்துக்கொள்ளச் சொல்லவும். நீங்கள் எல்லோரும் என்றென்றும் சுமாராக வாழ அய்யனாரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தலைகுனிந்த மைத்துனன்
இருளப்பசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது பலகை மேல் செருப்புச் சத்தம் கேட்டது. சண்முகத்தாயேதான். வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல், “குக்கர் வெயிட்ட எடுக்க வந்தேன்” என்றாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது அங்கே எப்படி வந்தது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மேஜையைப் பார்த்து, “யாருக்குக் கடுதாசி?” என்றாள். உங்க அண்ணனுக்கு என்றேன். “எங்கிட்டச் சொல்றதுக்கு அண்ணன் எதுக்கு, வாயால சொல்லுங்க” என்றாள். முதலில் உப்பு மிளகாய் சுற்றிக்கொள் என்று கெஞ்சினேன். அது முடியாது என்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் கோலத்தில் ஆரம்பித்துக் குழம்பில் முடித்தேன். கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணும் கலங்கிவிட்டது. நேரே கருத்தம்மாளிடம் சொல்லப் போகிறேன் என்று வெளியே ஓடினவள், பலகை வழுக்கிக் குழிக்குள் விழுந்தாள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

தெருவே கூடிவிட்டது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போல இருந்தது. தங்கச்சாமி குனிந்து என் காலடியில் மண் எடுக்கக் கையை நீட்டினார். குழிக்குள் உட்கார்ந்தபடியே சண்முகத்தாய் சொன்னாள்: “அண்ணே, கைய எடுங்க. குழியத் தோண்டுனது நீங்க அம்புட்டுப் பேரும், கண்ணு மட்டும் எங்க வீட்டுக்காரருதா?” தங்கச்சாமி கையை இழுத்துக்கொண்டார். கருத்தம்மாள் மெதுவாக, மாடு அன்றைக்குச் சினையாக இருந்தது என்றும், அதனால்தான் பால் வற்றியது என்றும், அது பிறகுதான் தெரிந்தது என்றும் சொன்னாள். இவள் என்னைப் பார்த்து, “நீங்க மறுபடி சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்” என்றாள். தெரு முழுக்க நிற்க, அந்த வெள்ளை நாய் வாலை ஆட்ட, முதலிலிருந்து சொன்னேன். அதைப் போல வெட்கப்பட்டது என் ஆயுளில் கிடையாது.

ஆகையால் மேலே எழுதியவை அனைத்தும் ரத்து. யாரும் யாருக்கும் சுற்றிப் போட வேண்டாம். நீங்கள் வரும்போது குக்கரையும், தோட்டத்திலிருந்து ஒரு வண்டி மண்ணையும் கொண்டு வந்தால் போதும், வாசலை நிரவிவிடலாம். உங்கள் தோட்டத்துச் செம்மண் மிகவும் நல்ல மண். துணிந்தே எழுதுகிறேன்.