பாடும்போது மட்டும் வரும் இரைச்சல்

ஃபிரிஜ்ஜைப் பிடுங்கியாகிவிட்டது. மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றி மேஜைமேல் வைத்தாகிவிட்டது. இரைச்சல் மட்டும் போகவில்லை.

"இன்னொரு தடவை போடு," என்றார் ஃபோர்மேன்.

மகள் மடிக்கணினியில் மறுபடி ஓட்டினாள். அவர் மனைவியின் குரல் வந்தது. "சீப்பும் தூங்குது, செருப்பும் தூங்குது, நீ மட்டும் ஏன்டா முழிச்சிருக்கே..." பாட்டு இழைந்து போனது. அதற்கு அடியில், பாட்டோடு ஒட்டிக்கொண்டு, கும்மென்று ஓர் இரைச்சலும் போனது.

"சந்தேகமே இல்ல. கரண்ட் இரைச்சல்."

ஃபோர்மேன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். துணை மின்நிலையத்தில் அவர் காதுக்கென்று தனி மரியாதை உண்டு. எந்த டிரான்ஸ்பார்மர் பக்கத்திலும் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அது உறுமுகிற உறுமலை வைத்தே உள்ளே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை பெரிய பெரிய எஞ்சினியர்கள் மீட்டரும் கையுமாகத் திணறிக்கொண்டிருந்தபோது இவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அந்த மூலை போல்ட்டு," என்றாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைக் கேட்காமல் போக முடியாது. பெயர் யாருக்கும் நினைவில்லாத அளவுக்குத் தெரு முழுக்க அவர் ஃபோர்மேன்தான்.

அவர் மனைவிக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மதியச் சாப்பாடானதும் இருபது வாண்டுகளையும் வரிசையாகப் படுக்கவைத்து, தானே கட்டிய பாட்டுகளைப் பாடித் தூங்கவைப்பாள். அங்கே குழந்தையை விடுகிற ஒரு பெண், கைப்பேசியில் குழந்தைப் பாட்டுகள் போடுகிற நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். "அக்கா, எங்களுக்கு ஒரு தாலாட்டுக் குரல் வேணும். பக்கவாத்தியம் ஒண்ணும் வேண்டாம், வெறும் குரல்தான். வீட்டுலயே பாடி அனுப்புங்க. சனிக்கிழமை முடிவு பண்றாங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

செய்தியைக் கேட்ட அன்றே ஃபோர்மேன் போய் ஒரு மைக் வாங்கி வந்துவிட்டார். கையைக் கடிக்காத விலைதான். ஆனால் பெட்டியைப் பிரித்தபோது நகைப்பெட்டியைத் திறப்பவர் போலத்தான் திறந்தார். துணி அலமாரி இருந்த சின்ன அறையில் சுற்றிலும் போர்வையைத் தொங்கவிட்டு, ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, "ஸ்டூடியோ ரெடி," என்று அறிவித்தார்.

முதல் பாட்டு போனது. பதில் வந்தது. "குரல் அருமை. பின்னணியில் இரைச்சல். மீண்டும் அனுப்பவும்."

"அருமைன்னு போட்டிருக்காங்க பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"அது எனக்கு இருபது வருஷமாத் தெரியும். இரைச்சல்னு போட்டிருக்கானே, அதைப் பாரு. என் வீட்டுல இரைச்சலா?"

அன்றிலிருந்துதான் ஃபிரிஜ், விசிறி, கடிகாரம் எல்லாம் வரிசையாக வாயை மூடின. பிறகு அவர் சோதனையாக வெற்று அறையைப் பதிவு செய்து பார்த்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. மனைவி வாயைத் திறந்து பாடினால் மட்டும் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. விசிறி ஓடாததால் முன்பைவிடத் தெளிவாகவே உட்கார்ந்தது.

"பாடும்போது மட்டும் வருதே, எப்படிப்பா?" என்றாள் மகள்.

"லோடு ஏறினாத்தான் டிரான்ஸ்பார்மர் உறுமும். அம்மா பாடறதுதான் லோடு."

"நான் லோடா?" என்றாள் மனைவி போர்வைக்குள்ளிருந்து.

அடுத்த நாள் ஃபோர்மேன் இசைக்கருவிக் கடைக்குப் போனார். கடைக்காரர் பாதிக் கதையிலேயே கையமர்த்தினார்.

"நீங்க வாங்கினது கண்டென்சர் மைக் சார். அதுக்குக் காது ஜாஸ்தி. எறும்பு நடந்தாலும் எடுத்துடும். உங்க வீட்டுக்கு டைனமிக்தான் சரி. வாய்கிட்ட வச்சுப் பாடணும். பக்கத்துல இருக்கறதை மட்டும் எடுக்கும், தூரத்துல இருக்கறதைக் கண்டுக்காது."

ஃபோர்மேனுக்கு அந்த நியாயம் பிடித்தது. டைனமிக் வந்தது. ஆனால் அதன் கனத்துக்குப் பழைய ஸ்டாண்டு தலையைத் தொங்கப்போட்டது. "நான் பிடிச்சுக்கறேன், நீ பாடு," என்று அவரே போர்வைக்குள் நுழைந்து, மனைவியின் முகத்துக்கு நேராக மைக்கைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். வீட்டில் இருந்த ஒரே ஹெட்போன் அவர் தலையில். மகள் வாசலில் காவல். அழைப்பு மணியை யாரும் அடித்துவிடக் கூடாதே.

பாட்டு முடிந்ததும் போட்டுக் கேட்டார்கள். குரல் சன்னமாகிவிட்டிருந்தது. இரைச்சல் தடித்துவிட்டிருந்தது.

"தூரத்துல இருக்கறதைக் கண்டுக்காதுன்னான் அந்த ஆளு," என்று ஃபோர்மேன் பல்லைக் கடித்தார்.

"அப்ப இரைச்சல் கிட்டக்க இருக்கோ என்னவோ," என்றாள் மனைவி.

"வயர்ல இருக்கு. வேற எங்க இருக்கும்?"

மறுபடி கடை. மறுபடி கடைக்காரர். "டைனமிக்குக்குப் பிரியாம்ப் வேணும் சார். மைக்ல இருந்து வர்றது பொடிக் கரண்ட். இந்தப் பெட்டி அதைத் தூக்கி விடும். நீங்க தூக்காம விட்டா குரல் எப்படி மேல வரும்?"

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"அன்னைக்கே சொன்னா ரெண்டையும் வாங்காமப் போயிடுவீங்களே சார்."

மேஜைமேல் ஐந்தாறு பிரியாம்ப்புகள் அடுக்கப்பட்டன. ஒன்று குரலுக்குக் கதகதப்புக் கொடுக்குமாம். இன்னொன்று பளிச்சென்று காட்டுமாம். ஃபோர்மேன் விளம்பரத்தையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றையும் மின்சாரத்தில் செருகச் சொல்லி, தர்பூசணி வாங்குகிறவர் போலக் காதோடு சேர்த்துவைத்து விரலால் சுண்டிக் கேட்டார். கடையில் கிட்டார் பார்க்க வந்தவர்கள் கிட்டாரை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்கள். கடைசியில் நசுங்கிய மூலையோடு இருந்த பழைய சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைத் தூக்கினார்.

"இதுல இருக்கறதுதான் ஒழுங்கான டிரான்ஸ்பார்மர். சத்தமே இல்ல."

கடைக்காரர் அசந்துவிட்டார். "இருக்கறதுலயே விலை கம்மியானதும் நல்லதும் அதுதான் சார். யாரும் கண்டுபிடிச்சதில்ல."

ஃபோர்மேன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீடு வந்தார். பெட்டியைப் பொருத்தி, குமிழைத் திருகி, மைக்கைப் பிடித்தார். இந்த முறை குரல் எழுந்து நின்றது. கூடவே இரைச்சலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நின்றது.

வியாழக்கிழமை அவர் முடிவுக்கு வந்துவிட்டார். குற்றம் மைக்கிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. கட்டிடத்தில் இருக்கிறது. கீழே இறங்கிப் போய், மொத்த அடுக்குமாடிக்குமான மெயின் சுவிட்சை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார். மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. பிரியாம்ப்பை ஒரு கார் பேட்டரியில் மாட்டினார்.

பாட்டு பாதியில் போய்க்கொண்டிருந்தபோது மகள் ஓடி வந்து சைகை காட்டினாள். ஃபோர்மேன் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை. பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் சொல்ல முடிந்தது.

"அப்பா, மாடிவீட்டு அக்கா லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டாங்க. வாஷிங் மெஷின்ல சோப்புத் துணி ஊறிட்டிருக்காம். திட்டறாங்க."

"லிஃப்ட்டுலருந்தா திட்டறாங்க? இங்க கேக்கலையே? பாத்தியா, நம்ம ஸ்டூடியோ அவ்வளவு பலம்."

மாடிவீட்டு அக்கா வெளியே வந்ததும் நேராக ஸ்டூடியோவுக்கே வந்து மிச்சத்தையும் திட்டினாள். ஃபோர்மேன் பாதியில் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒரு நிமிஷம், இதைக் கேட்டுட்டுத் திட்டுங்க," என்று பதிவை ஓடவிட்டார்.

கட்டிடத்தில் ஒரு பல்புகூட எரியாத நேரத்தில் எடுத்த பாட்டு. அதன் அடியில் இரைச்சல், யாருடைய தொந்தரவும் இல்லாமல், நிம்மதியாகக் கும்மென்று போய்க்கொண்டிருந்தது.

ஃபோர்மேன் முகத்தில் ஈயாடவில்லை.

"கரண்டே இல்லாத கட்டிடத்துல கரண்ட் இரைச்சல்," என்றார் மெல்ல. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாடிவீட்டு அக்காவுக்கே பாவமாகிவிட்டது. திட்டை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போதும் விடுங்க. எடுத்த வரைக்கும் எல்லாத்தையும் நம்ம பொண்ணு அனுப்பித்தான் இருக்கா. கிடைச்சா கிடைக்கட்டும்."

"உனக்கு ஆசை இல்லையா?"

"ஆசை இல்லாமலா தொண்டை கட்டறவரைக்கும் பாடறேன்? இத்தனை வருஷத்துல, 'நீ வா, உன்னால ஆகணும்'னு என்னை யாருங்க கூப்பிட்டிருக்காங்க? முதல் தடவையாக் கூப்பிடறாங்க. அதான்."

அதைக் கேட்டதும் ஃபோர்மேனுக்குத் தாங்கவில்லை. ஊர் டிரான்ஸ்பார்மரையெல்லாம் காதால் சரி செய்தவர், சொந்தப் பெண்டாட்டியின் பாட்டில் ஓர் இரைச்சலைப் பிடிக்க முடியாமல் நிற்கிறாரே! வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டின் எர்த் கம்பியைத் தோண்டியெடுத்து, சுரண்டித் துடைத்து, புதுசாகப் பதித்தார். கை இரண்டும் கொப்பளித்துவிட்டன.

சனிக்கிழமை காலை கடைசி முயற்சிக்கு எல்லாம் தயார். ஹெட்போனைத் தலையில் மாட்டப்போன நேரத்தில் மின்நிலையத்திலிருந்து அழைப்பு. பாதி ஊருக்கு மின்சாரம் போய்விட்டது, ஃபோர்மேன் வந்து காதை வைத்தால்தான் ஆகும்.

"இன்னைக்குன்னு பாத்தா போகணும்!"

"போயிட்டு வாங்க. அங்கயும் உங்களைத்தானே கூப்பிடறாங்க," என்றாள் மனைவி. "மைக்கை ஸ்டாண்டுல கட்டிவச்சுப் பாடிக்கறேன்."

அவர் வேண்டாவெறுப்பாகப் போனார். பாதி ஊருக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டு மதியம் வியர்த்துப்போய்த் திரும்பினார். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா, போயிடுச்சு!"

"கரண்டா?"

"இரைச்சல்ப்பா! சுத்தமாப் போயிடுச்சு. அம்மா பாடி, அனுப்பியாச்சு."

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி ஹெட்போனை மாட்டினார். குரல் மட்டும் இருந்தது. அடியில் தேடினார், ஓரத்தில் தேடினார். ஒரு துளி இரைச்சல் இல்லை. ஃபோர்மேனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எர்த்து! நேத்துப் போட்ட எர்த்து! மண்ணுல செட்டாக ஒரு ராத்திரி வேணும்ல? செட்டாயிடுச்சு!"

அதன் பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டார். அவரோ, "நான் கொடுத்த பெட்டி சார் அது. ரெண்டு நாள் ஓடிச் சூடு ஏறினாத்தான் அதோட குணம் தெரியும்," என்று பாதிப் பெருமையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார். ஃபோர்மேன் விட்டுக்கொடுக்கவில்லை. மாடிவீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டைக் கேட்கச் சொன்னார். கீழ்வீட்டுத் தையல்காரரையும் கூப்பிட்டார். எர்த் கம்பியை எப்படிச் சுரண்ட வேண்டும் என்று கையைக் காட்டி விளக்கினார். கொப்புளங்களைக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்தால் பதக்கம் காட்டுகிறாரோ என்று தோன்றும்.

"காது இருந்தாப் போதாது, விடாமத் தேடணும்," என்றார்.

"எனக்கு அப்பவே தெரியும் சார்," என்றார் தையல்காரர், எதுவும் தெரியாமலே.

மனைவியின் கைப்பேசி அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு அவள் அதை ஃபோர்மேனிடம் நீட்டினாள். ஃபோர்மேன் வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

பாட்டுகளைக் கேட்டுத் தேர்வு செய்கிற பெண் பேசினாள். "வணக்கம் மேடம். இன்னைக்கு நீங்க அனுப்பின பாட்டு ரொம்பச் சுத்தமா இருக்கு. ஒரு சத்தம் இல்ல."

ஃபோர்மேன் கூடியிருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வாயெல்லாம் பல்.

"ஆனா அதை எடுத்துக்க முடியலை மேடம். நாலாவது வரியில இருந்து சுருதி கொஞ்சம் கொஞ்சமா நகந்துட்டே போகுது. பிடிக்க ஆளில்லாத மாதிரி."

மனைவி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஃபோர்மேன் பிரியாம்ப்பைப் பார்த்தார்.

"அதனால வியாழக்கிழமை அனுப்பினதையே எடுத்துக்கிட்டோம். அதுல சுருதி இம்மி பிசகலை. குரல் உங்களோடதுதான்னு இங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். அடுத்த வாரத்துலருந்து மிச்சப் பாட்டெல்லாம் ஆரம்பிச்சுடலாம்."

மகள் கத்திய கத்தலில் மாடிவீட்டு அக்கா எழுந்து நின்றுவிட்டாள். மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஃபோர்மேன் மட்டும் சந்தோஷத்துக்கு நடுவிலும் தொழிலை விடாமல், கைப்பேசிக்குக் குனிந்தார்.

"ஏம்மா, வியாழக்கிழமை எடுத்ததுல அந்தக் கரண்ட் இரைச்சல் இருக்குமே?"

"நாங்களும் முதல்ல அப்படித்தான் சார் நெனச்சோம், அப்புறம் நல்ல பிரியாம்ப் போட்டு அனுப்பினீங்களே, அதுல தெளிவாக் கேட்டுடுச்சு, மேடம் பாடற நேரம் பூரா பக்கத்துல சொக்கிப்போய் அதே சுருதியில முனகிட்டே இருக்காரே ஒருத்தர், அவரை மட்டும் இனிமே எங்கயும் வெளியில அனுப்பிடாதீங்க."