பின் எக்ஸலைக் குளிப்பாட்டிய கதை

என் மகளுக்கு ஆபத்து அழுக்கால் வருமா, அல்லது அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காத என்னால் வருமா? அவளுக்கு இப்போது இரண்டு வயது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் ஜூட் பாஸைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். ஆனால் அவர் மரியாதையான மனிதர்.

அவளுக்குப் பதினொரு மாதமாக இருந்தபோது நுவரெலியாவில் என் தம்பிக்குக் கல்யாணம். மறுநாள் விடியப் புறப்பட வேண்டும். எங்கள் பழைய வான் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு வாரமாக ஏதோ முனகிக்கொண்டிருந்தது, அதுவும் சரியாக மகளின் சீட்டுக்குக் கீழே. மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால்? சக்கரம் கழன்றுவிட்டால்? (என் கற்பனையில் அந்தச் சக்கரம் ஒவ்வொரு முறையும் எங்களை முந்திக்கொண்டு உருண்டு போனது.)

கணவருக்கு லீவு இல்லை. "நீர் கொண்டு போய்க் காட்டும். பக்கத்தில நிண்டு வடிவாப் பாரும்" என்றார். சொன்னதைச் செய்யும் பிள்ளை நான். மகளையும் அவள் பையையும் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வானை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிப் போனேன்.

ஜூட் பாஸ் என்னைவிட இளையவர். பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். பிரேக் ட்ரம்மை இழுத்தெடுத்தார். பிறகு சக்கரங்களைச் சுழற்றும் எக்ஸல் தண்டுகளை பெயாரிங்கோடு வெளியே உருவினார். தரையில் இரண்டு பத்திரிகைத் தாள்களை விரித்து, ஒன்றில் 'இடது', மற்றதில் 'வலது' என்று எழுதி, அந்தந்தப் பக்கத்துச் சாமான்களை அதனதன் தாளில் வைத்தார். எல்லாவற்றிலும் கறுப்பாக, ஈரமாக, தடிப்பாக ஊத்தை.

"டோர்ச் எடுத்துட்டு வாறேன் அக்கா. ஒண்ணையும் தொடாதீங்க, கை ஊத்தையாகிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாவம், என் கையைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து டயப்பர் மாற்றும் கைக்கு என்ன ஊத்தை? மகள் தள்ளுவண்டியில் நித்திரை. பைக்குள் பிள்ளையைத் துடைக்கும் ஈரத்தாள், பேபி வைப்ஸ், ஒரு புதுப் பக்கெற். உள்ளே யாரோ தொலைபேசியில் அவரைப் பிடித்துவைத்திருந்தார்கள். எனக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. எனக்கு அது போதும்.

ட்ரம், பிரேக் பிடிக்கும் ஷூ, தண்டு, பெயாரிங் எல்லாவற்றையும் துடைத்தேன். எண்ணெயில் ஊறிய பத்திரிகைத் தாள்களைக் கசக்கி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் பெரிதிலிருந்து சிறிது வரை ஒரே வரிசையில் அடுக்கினேன். பாவித்த வைப்ஸை மகளின் டயப்பர் பையில் போட்டு முடிச்சும் போட்டேன்.

ஜூட் பாஸ் டோர்ச்சோடு வந்து நின்றார். டோர்ச்சை அடித்தார். அணைத்தார். மறுபடி அடித்தார்.

"அக்கா, இங்க இருந்த ஊத்தை எங்க?"

"துடைச்சிட்டன் பாஸ்." (பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.)

"ரெண்டு பக்கமுமா?"

"ஓம், வடிவாத் துடைச்சனான்."

அவர் மெல்லத் தரையில் குந்தினார். "ஒயில் எந்தப் பக்கத்தால, எதுக்குள்ளால வருதுன்னு அந்த ஊத்தைதான் அக்கா சொல்லும். முதல்ல பாக்கணும். பிறகுதான் கழுவணும்."

கணவருக்கு அழைத்துச் சொன்னேன். "பாக்கத்தானேயப்பா சொன்னனான்? என்னத்துக்குத் துடைச்சனீர்?" என்றார். அழுகை வந்தது. நாளைக்கு அந்தச் சீட்டில் என் பிள்ளையை இருத்தலாமா கூடாதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்திருந்தேன்.

"துடைச்ச வைப்ஸ் இருக்கா?" என்றார் ஜூட் பாஸ்.

"இருக்கு. ஆனா அந்தப் பைக்குள்ள டயப்பரும் இருக்கு பாஸ்."

ஒரு கணம் யோசித்தார். "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. குடுங்க."

முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தார். அப்படி ஒரு மனிதரை நான் கண்டதில்லை. "கியர் ஒயிலா பிரேக் ஒயிலான்னு தெரியல. எல்லாத்துலயும் பிள்ளை மணம்தான் வருது" என்றார். முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

பிறகு அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று வடிவாகப் பார்த்தேன், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு. தேய்ந்த தடங்களைப் பொருத்திப் பார்த்து எது இடது, எது வலது என்று பிரித்தார். பெயாரிங்குகளைக் காதருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினார். என்னையும் கேட்கச் சொன்னார். ஒன்று சத்தமே இல்லாமல் சுற்றியது. மற்றது, சீனி கொட்டிய தரையில் செருப்போடு நடப்பதுபோல நறநறத்தது. அது வலது பக்கத்துடையது. அந்தப் பக்கம் சக்கரம் இருந்த இடத்துக்குப் பின்னால், என் வைப்ஸ் எட்டாத ஒரு மூலைக்குள் விரலை விட்டு எடுத்து மணந்தார்.

"கியர் ஒயில்! ஒயிலை மறிக்கிற வலது பக்கத்து சீல் செத்துப்போச்சு. நீங்க இந்த இடத்தை விட்டுட்டீங்க அக்கா."

வாழ்க்கையில் நான் ஒரு மூலையைத் துடைக்காமல் விட்டதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான்.

புது சீல், புது பெயாரிங் போட்டார். வைப்ஸின் வழுவழுப்பு ஏறியிருந்த பிரேக் ஷூக்களை அரத்தாளால் உரசி, கழுவி, மறுபடி உரசினார். எல்லாம் முடிந்ததும், மகளை உள்ளேயிருந்து வந்த தன் மனைவியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, "நீங்க ஓட்டுங்க அக்கா, நான் பின்னால இருக்கிறேன்" என்று ஏறி, மகளின் சீட்டுக்கு அருகே முழங்காலை மடித்துக் குந்தி, அந்தச் சின்னச் சீட்டில் காதை வைத்தார். ஏற்றத்தில் ஏறி, இறக்கத்தில் மூன்று முறை பிரேக் பிடித்தேன்.

"சத்தமில்ல. பிள்ளையை ஏத்திட்டுப் போங்க."

போனோம், வந்தோம். மலைப் பாதை முழுவதும் மகள் நித்திரை. நான் மட்டும் இல்லாத சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு முன்னமே கதை கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே மாப்பிள்ளைத் தம்பியின் வேட்டியில் சாம்பார் சிந்தியது. நான் எழும்புவதற்குள் தம்பி கத்தினான்: "அக்கா, துடையாதை! முதல்ல எந்தப் பக்கத்தால வந்ததெண்டு பாப்பம்!" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் சிந்தினாலும் இதே வசனம்தான். மகளும் இப்போது பாலை ஊற்றிவிட்டு, "பாப்பம், பாப்பம்" என்கிறாள்.

அடுத்த மாதம் வானுக்கு மறுபடி சேர்விஸ். கணவருக்கு வழக்கம்போல லீவு இல்லை. பக்கத்தில் நின்று பார்க்க நான்தான் போகவேண்டும். அந்த இரண்டு மணித்தியாலமும் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது? அனுபவமுள்ள வாசகர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கைப்பைக்குள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.