முதல் நாளே வந்தவர்

பந்தியில் முதலாவதாக உட்கார்ந்ததற்குப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. ரேஷன் கடை வரிசையில் முதலாவதாக நின்றதற்குப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சுடச்சுடச் சோறோ, நல்ல அரிசியோ கிடைக்கும். ஆனால் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் முதல் நாளே சேர்ந்தேன் என்பதைப் பட்டமாக நெஞ்சில் குத்திக்கொண்டு திரியும் ஓர் இனம் நம் நடுவில் உலவுகிறது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். ஆதி உறுப்பினர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் குரூப்பில் அப்படி யாரும் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆதி உறுப்பினரைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. குரூப்பில் ஒருவர் ஏதாவது சொன்னால் மற்றவர்கள் அது சரியா தப்பா என்று பார்ப்பார்கள். இவர், சொன்னவர் எப்போது சேர்ந்தார் என்று பார்ப்பார். போன மாதம் சேர்ந்தவர் மழை பெய்கிறது என்று எழுதினால், நம் ஆள் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். கை நனைந்த பிறகும் முழு மனதாக நம்ப மாட்டார்.

எங்கள் ஆதி உறுப்பினர் கோதண்டம். சேரப்பணஞ்சேரியில் எனக்கு அடுத்த தெரு. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். எங்கள் பக்கத்திலிருந்து ஷிப்டுக்குப் போகிறவர்கள், பஸ் வந்துவிட்டதா, போய்விட்டதா, இன்றைக்கு எந்த முனையில் நிற்கும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதற்காக, ‘ஷிப்ட் பஸ் நண்பர்கள்’ என்ற குரூப்பை 2014 டிசம்பரில் தொடங்கியவர் அவர்தான். முதல் நாள் பதினோரு பேர். இன்றைக்கு எண்ணூறு பேருக்கு மேல். நல்ல காரியம்தான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. சொன்னால் விடுவாரா?

மனிதனுக்குப் பழைய ஞாபகமே இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கட்டும். கோதண்டம் ஐ.டி.ஐ. முடித்தது 1991இல். அந்த வருஷத்தை நினைத்து அவர் ஏங்கினால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஏங்குவேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் அப்போது நடு ரோட்டில் மாடு படுத்திருந்தால் அதை எழுப்ப ஒரு வண்டி வர வேண்டும், அந்த வண்டியும் சாயங்காலம்தான் வரும். ஆனால் 1991ஐப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. அவர் ஏங்குவது 2015ஐ நினைத்து.

“அப்பல்லாம் குரூப்பு எப்டி இருந்துச்சி தெரியுமா? ஒரு மெசேஜ் போட்டா பத்துப் பேரும் பதில் போடுவாங்க. இப்ப எண்ணூறு பேரு கீறாங்க, இன்னா பிரயோஜனம்?”

அந்தப் பத்துப் பேருக்கும் அப்போது இருந்தது அந்த ஒரே குரூப்தான் என்பதை நாம் சொல்லக் கூடாது. பிறகு கண்ணப்பன் புராணம் வரும். “கண்ணப்பன்னு ஒருத்தரு இருந்தாரு. பஸ்ஸு அவர் வூட்டாண்ட திரும்பறப்பவே மெசேஜ் வந்துடும். அந்த மாதிரி மனுசன இனிமே எங்க பாக்கறது?” கேட்கிறவர் கண் கலங்கி, எப்போது தவறினார் என்று விசாரிப்பார். கண்ணப்பன் நம்பர் மாற்றிக்கொண்டு மூன்றாவது தெருவில் சௌக்கியமாக இருக்கிறார். நேற்றுக்கூட மாவு அரைத்துக்கொண்டு போனார்.

இந்த இனத்துக்குள் படிநிலை வேறு உண்டு. முதல் வருஷத்தில் வந்தவர் அடுத்த வருஷத்தில் வந்தவரை ஒரு மாதிரி பார்ப்பார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து லாக்டவுனில் வந்தவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். லாக்டவுனில் வந்தவர்களுக்கும் கீழே பார்க்க ஆள் வேண்டாமா? அதற்காகவே பிறந்தவர்கள்தான் லிங்க்கில் வந்தவர்கள். ஓர் உறுப்பினர் கையைப் பிடித்து உள்ளே சேர்த்துவிட்டவர் என்றால் பெண் பார்த்து, தாலி கட்டி, முறையாக வந்த மாதிரி. லிங்க்கைத் தட்டி வந்தவர் ஓடி வந்த மாதிரி. “லிங்க்குல வந்தவங்க தான நீங்க?” என்று கோதண்டம் கேட்டால், கேட்கப்பட்டவர் ஒரு வாரத்துக்குக் கட்டை விரலைக்கூட உயர்த்த மாட்டார்.

லிங்க்கில் வருகிறவர்கள் பேர், ஊர், கம்பெனி மூன்றையும் எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். புதியவர்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே மருந்து இருந்தது. மழை நாளில் பஸ் எங்கே நிற்கும்? மேல போய்ப் பாரு. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குப் பஸ் உண்டா? மேல போய்ப் பாரு. எல்லாம் ஏற்கனவே பேசி முடித்த விஷயம், பழைய மெசேஜ்களைத் தேடிப் படிக்க இவர்களுக்கு வலிக்கிறதா என்பது அவர் கட்சி.

மெர்சி என்ற பெண்ணுக்கும் அதே மருந்துதான் கிடைத்தது. தண்டலத்துப் பெண், கல்யாணமாகி எங்கள் ஊரில் குடிவந்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் சேர்ந்திருந்தாள். மழை நாளில் பஸ் நிற்கும் இடத்தைக் கேட்டாள். மேல போய்ப் பாரு என்றார். “மேல ஒண்ணும் இல்லீங்களே அண்ணா” என்று எழுதினாள். “தேடறதுக்குப் பொறுமை வேணும்மா. எங்க காலத்துல இருந்துச்சி” என்று பதில் போட்டார். அந்தப் பெண் மறுநாள் தப்பான முனையில் குடையோடு நின்று, பஸ்ஸை விட்டு, அரை நாள் சம்பளத்தையும் விட்டாள்.

இதற்கிடையில் குரூப்புக்குப் பத்து வயது நிறையப் போகிறது என்று விழா ஏற்பாடானது. யோசனை கோதண்டத்துடையது. படப்பையில் சின்ன மண்டபம், ஆளுக்கு இரண்டு பரோட்டா, ஒரு பொன்னாடை. பொன்னாடை யாருக்கு? அதையும் அவரே எழுதினார்: ‘முதல் நாள் தொட்டு இன்று வரை ஒரு நாளும் விலகாது நிற்கும் உறுப்பினருக்கு.’ முதல் நாள் பதினோரு பேரில் ஒருவர் ஓசூருக்கும் ஒருவர் துபாய்க்கும் மற்றவர்கள் வேறு வேலைக்கும் போய்விட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்த ஒரு பொன்னாடைக்காக மனிதர் எப்படித் தவித்தார் என்கிறீர்கள். வீட்டில் மாட்ட ஆணிகூட அடித்துவிட்டார்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மெர்சி குரூப்பில் ஒரு யோசனை சொன்னாள். “பஸ் நிக்கிற எடத்தையெல்லாம் ஒரே மெசேஜா எழுதி, எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி மேல பின் பண்ணி வெச்சிட்டா, புதுசா வர்றவங்க கேக்கவே வேணாமே.” கட்டை விரல்கள் வந்து குவிந்தன. கோதண்டத்துக்கு யோசனை சுடவில்லை, கட்டை விரல்கள் சுட்டன. அவருடைய ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கு அதில் பாதிகூட விழுந்ததில்லை.

சாயங்காலம் எழுதினார்: ‘விதை போட்டு வளர்த்தவன் கனத்த இதயத்துடன் விடைபெறுகிறேன். புதியவர்கள் வாழ்க.’ குரூப்பைவிட்டு வெளியேறினார். ஆத்திரம் அடங்காமல் குரூப்பைத் தன் போனிலிருந்தே அழித்தும் விட்டார்.

ஆதி உறுப்பினர் வெளியேறுவது போவதற்காக இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு வாசல் வரை போய், செருப்பை மெதுவாக, மிக மெதுவாக மாட்டுகிற சித்தப்பாவைப் பார்த்திருப்பீர்களே, அந்த வகை. யாராவது வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஆனால் எந்தச் சித்தப்பாவும் அடைமழையில் கோபித்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கு மழை கொட்டியது. ரோட்டில் முழங்கால் தண்ணீர், பஸ் எங்கே, ஷிப்ட் உண்டா என்று நூற்றுக்கணக்கில் மெசேஜ்கள் விழுந்து, அவருடைய கனத்த இதயத்தை அடியோடு அடித்துக்கொண்டு போய்விட்டன. ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. நானும்தான்.

அவர் மனைவி லீலா பிறகு என் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தது இது. இரண்டு நாள் போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

“இன்னா, போனையே பாத்துகினு கீறீங்க? யாரும் கூப்புடலியா?”

“சார்ஜ் கீதான்னு பாக்கறேன்.”

“வேணும்னா நான் ஒரு தபா அடிக்கட்டா?”

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் அவரே லோகேஷைக் கூப்பிட்டார். லோகேஷ் குரூப்பின் இன்னொரு அட்மின். “இன்னாடா லோகேஷு, நான் இல்லாம குரூப்பு எப்டி கீது?”

“ஏன்ணே, நீங்க அதுல இல்லியா?”

இதைவிடப் பெரிய அடி ஓர் ஆதி உறுப்பினருக்கு விழ முடியாது. ஆனால் விழுந்தது. “லைன்ல கீறேன்ணே. லிங்க்கு அனுப்பறேன், தட்டிகினு உள்ள வந்துடுங்க” என்று லோகேஷ் போனை வைத்துவிட்டான்.

ஆக, கோதண்டம் லிங்க்கில் வந்தார். முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ படம் வைத்திருந்ததால் பலருக்கு ஆள் தெரியவில்லை. போன மாதம் சேர்ந்த செந்தமிழன் என்ற பையன் உற்சாகமாக வரவேற்றான். “வெல்கம் ப்ரோ. பேரு, ஊரு, கம்பெனி போடுங்க. ரூல்ஸ்.” கோதண்டம் போட்டார். சட்டம் போட்டவர் அல்லவா.

மறுநாள் காலை மறுபடி மழை. கோதண்டம் வழக்கம்போல் பெட்ரோல் பங்க் எதிரில் போய் நின்றார். அவர் இல்லாத மூன்று நாளில் அங்கே தண்ணீர் தேங்கி, பஸ் நிற்கும் இடம் மாறியிருந்தது. மெர்சி சொன்ன மெசேஜைப் பின் பண்ணுகிறேன் என்றிருந்த லோகேஷும் மழையில் மறந்துபோயிருந்தான். பஸ்ஸைக் காணோம். வேறு வழியில்லாமல் எழுதினார்: “பஸ் எங்க நிக்கும்?”

செந்தமிழன் உடனே பதில் போட்டான். “மேல போய்ப் பாருங்க ப்ரோ.”

கோதண்டம் மேலே போனார். அவர் கேள்வி, அதற்கு மேலே நாலைந்து காலை வணக்கம், அதற்கு மேலே அவர் எழுதிய பேர், ஊர், கம்பெனி, செந்தமிழனின் வெல்கம், அதற்கு மேலே அவர் லிங்க் வழியாகச் சேர்ந்தார் என்ற ஒற்றை வரி. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கண்ணப்பனும் இல்லை, 2015உம் இல்லை. சேர்வதற்கு முன்னால் நடந்தது எதுவும் புதியவர் கண்ணுக்குத் தெரியாது என்பது, பத்து வருஷமாக எல்லோரையும் மேலே அனுப்பிக்கொண்டிருந்த மனிதருக்கு அன்றைக்குத்தான், குடை ஒழுகும்போது தெரிந்தது.

போன் அடித்தது. மெர்சி. “அண்ணா, ரேஷன் கடையாண்ட வாங்க. டிரைவர்கிட்ட சொல்லி பஸ்ஸ நிறுத்தி வெச்சிகீறேன்.”

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நாங்கள் எல்லோரும் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தோம். ஏறி, மூச்சு வாங்கி, மெர்சியின் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேல ஒண்ணுமே இல்லியேம்மா” என்றார்.

“அத்த தான் அன்னிக்கே சொன்னேன் அண்ணா.”

ஒரகடத்தில் இறங்கும்போது கோதண்டம், “லோகேஷ்கிட்ட சொல்லி இன்னிக்கே பின் பண்ணச் சொல்லு” என்றார். எனக்கு அந்த நிமிஷம் மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று.

விழாவில் கதை முடிய வேண்டுமே. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். “மூணு நாள் தானடா, அத்தெல்லாம் ஒரு கணக்கா?” என்று லோகேஷிடம் காதோடு காதாகக் கேட்டும் பார்த்தார். “நீங்க எழுதின ரூலுண்ணே. ஒரு நாளும்னு போட்டுகீறீங்க” என்று அவன் மைக்கைப் பிடித்து, முதல் நாள் தொட்டு விலகாத ஒரே உறுப்பினர் பெயரை அறிவித்தான். முனிரத்தினம்.

யார் முனிரத்தினம்? கூட்டமே திரும்பித் திரும்பிப் பார்த்தது. விழாவுக்குத் தண்ணீர் போட வந்த ஒருவர், மண்டபத்தின் கடைசியில் தோளில் கேனோடு நின்றார். முதல் நாள் ஆள் போதவில்லை என்று கோதண்டம் தன் போனில் இருந்த கேன் தண்ணீர்க்காரர் நம்பரையும் சேர்த்துவிட்டிருக்கிறார். அவர் அன்றைக்கே சத்தத்தை அணைத்து வைத்தவர், பத்து வருஷமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதனால் யாரோடும் சண்டை இல்லை. விலகவும் இல்லை.

முனிரத்தினம் கேனை இறக்கி வைத்துவிட்டு மேடைக்கு வந்தார். “இன்னா குரூப்பு சார்? நா எதுனா தப்பு பண்ட்டனா?”

நிறுவனர் என்ற முறையில் பொன்னாடை போர்த்த வேண்டியவர் கோதண்டம். போர்த்தினார். போர்த்திவிட்டு அந்த மனிதரின் முழித்த முகத்தைப் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முனிரத்தினமும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

இனம் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? அந்த வாரமே ஒரு புதிய பையனிடம் கோதண்டம் சொல்லிக்கொண்டிருந்தார். “மூணு நாள் குரூப்பே இல்லாம வெளிய இருந்தவன்ப்பா நானு. ஒனக்கு அந்தக் கஷ்டம்லாம் இன்னா தெரியும்?”

அதையாவது மன்னிக்கலாம். அடுத்த மாதம் இசைவாணி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்து, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். மெர்சி பதில் போட்டாள்: “பின் மெசேஜ்ல பாரும்மா. நாங்கல்லாம் பின் மெசேஜே இல்லாத காலத்துல வந்தவங்க. அப்ப எப்டி இருந்துச்சி தெரியுமா?”

எனவே வாசகரே, உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ‘கேலியெல்லாம் முன்னே என்னமாய் எழுதுவார்கள், இப்போது யார் அப்படி எழுதுகிறார்கள்’ என்று உங்களுக்கு ஒரு சின்னப் பெருமூச்சு வந்ததா? வந்ததா? வாருங்கள், முன் வரிசையில் கோதண்டம் பக்கத்தில் இடம் இருக்கிறது. பொன்னாடையை மட்டும் கேட்காதீர்கள், அது தண்ணீர் கேன் வண்டியில் மழைக்குப் போர்த்தியிருக்கிறது.