நைரோபியில் நான் செய்த ஒரே பிரசங்கம்

மொழிபெயர்க்க ஆள் தயாராக நிற்கும்போது 'வேண்டாம்' என்று சொல்கிறவன் ஒன்று பன்மொழிப் புலவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நானாக இருக்க வேண்டும்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் இரண்டு வார ஊழியத்துக்காக நைரோபி போனோம். கிளம்பும்போது என் மனைவி ஜெயராணி கேட்டாள்: "அவிய நம்மளவிட நல்லா ஜெபம் பண்ணுவாவளாம். நீங்க போயி எதப் புதுசாச் சொல்லப் போறீய?"

(நியாயமான கேள்வி. அதனால் பெட்டியைப் பூட்டப் போய்விட்டேன்.)

ஞாயிறு ஆராதனையில் பத்து நிமிடம் பேச என்னைப் போட்டிருந்தார்கள். சுவாஹிலியில் மொழிபெயர்க்க எஸ்தர் என்ற பள்ளி ஆசிரியை வந்திருந்தார். என் ஆங்கிலக் குறிப்புகளை வாங்கி இரண்டு நாள் படித்துவிட்டு வந்தவரிடம், "ஆரம்பத்தை நானே சுவாஹிலியில் பேசிக்கொள்கிறேன் சிஸ்டர்" என்றேன்.

எங்கள் போதகர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பட்டென்று கேட்டுவிடுவார். "ஏலே, ஒனக்கு அதுல எம்புட்டுத் தெரியும்?"

"மூணு வரி ஐயா. போனைப் பாத்துப் படிச்சிட்டேன்."

சகோதரனுக்கு அவர்கள் மொழியில் 'காக்கா'. மறக்கக்கூடிய சொல்லா? 'ஒரு பறவை' என்று மனதில் குறித்துக்கொண்டேன். மேடையில் ஏறி அத்தனை முகங்களையும் பார்த்ததும், பறவை என்பது மட்டும் ஞாபகமிருந்தது. எந்தப் பறவை என்பது பறந்துவிட்டது.

"குக்கூ!" என்றேன், இரு கைகளையும் விரித்து. "தேவன் உங்களை நேசிக்கிறார்!"

ஆண்கள் பக்கம், பின்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்து குலுங்கினார். ஆவியானவர் அசைவாடுகிறார் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். "குக்கூ! பயப்படாதிருங்கள்!" இப்போது பாடகர் குழுவே கண்ணைத் துடைத்தது. எங்கள் போதகர் முன்வரிசையிலிருந்து, "அல்லேலூயா!" என்று எனக்குத் தெம்பூட்டினார்.

எஸ்தர் அருகில் வந்து ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்: "பிரதர், குக்கூ என்றால் கோழி. கோழிகளே, பயப்படாதிருங்கள் என்கிறீர்கள்." கொஞ்சம் தயங்கினார். "பின்கட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அதுதான் வேகிறது."

மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். என் குறிப்புகளை வைத்துக்கொண்டு அவரே பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் சற்று முன் சிரித்த அதே ஜனம் அழுதது. நானும் அழுதேன். (வெட்கத்தில் பாதி.)

ஆராதனை முடிந்ததும் ஆண்கள் வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். "நான் கோழி ஜோசப்." "நான் கோழி பீட்டர்." அவ்வளவு அன்பாக என்னை யாரும் கேலி செய்ததில்லை.

ஊருக்கு வந்த வாரமே போதகர் இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லிவிட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்புச் சட்டியைத் திறந்ததும் என் மகள் உள்ளே எட்டிப் பார்த்து, "சகோதரனே, பயப்படாதிரு" என்பாள். ஜெயராணி "ஆமென்" சொல்லி, ஒரு காலை எடுத்து என் தட்டில் வைப்பாள்.